கலெண்டுலாவும் நமது செவ்வந்தியும்



ஒரு பொருளுக்கு இரண்டு பெயர்கள் இருப்பதனாற் பெருந்தீங்கு எதுவும் விளைவதில்லை. இரண்டு பொருள்களுக்கு ஒரே பெயர் வழங்குமிடத்திலேதான் மயக்கம் பிறக்கிறது. அம்மயக்கம் இலக்கியத்தைப் பற்றியதாயின் பண்டிதர்கள் தம்முள் வாதிட்டுத் தீர்த்துக்கொள்வார்கள். மருந்தைப் பற்றியதாயின் அது நோயாளியின் உடம்பிலே போய் முடியும். ஆங்கிலத்திலே 'மேரிகோல்ட்' என வழங்கும் பெயர் இத்தகையது. அப்பெயருக்குரிய பழைய பூவைப் பற்றியும், அப்பெயரை இடையிலே வந்து பங்கிட்டுக்கொண்ட மற்றொரு பூவைப் பற்றியும், இவற்றுள் எது தோட்டத்துக்கு உதவும், எது மருந்துக்கு உதவும் என்பதைப் பற்றியும் இன்று சில செய்திகளைச் சொல்ல விரும்புகிறேன்.

பழைய பூவின் தாவரவியற் பெயர் கலெண்டுலா ஒஃபிசினாலிஸ் என்பது. சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயசு 1753ஆம் ஆண்டிலே வெளியிட்ட நூலில் இப்பெயரை அதற்கு இட்டார். உரோமர் மாதத்தின் முதல் நாளைக் 'கலெண்டே' என்பர். நாட்காட்டியைக் குறிக்கும் 'கலண்டர்' என்ற சொல்லும் அதனின்றே வந்தது. மத்தியதரைக் கடலோரத்து இளஞ்சூட்டிலே மாதந்தோறும், ஏறக்குறைய ஆண்டு முழுவதும், பூத்துக்கொண்டேயிருக்கும் செடியாதலின் மாதப்பிறப்பின் பெயர் அதற்கு வாய்த்தது. பெயரின் இரண்டாம் பகுதி இன்னும் சுவையானது. ஐரோப்பியத் துறவிமடங்களிலே மருந்துச் சரக்குகளைச் சேமித்துவைக்கும் அறைக்கு 'ஒஃபிசினா' என்று பெயர். அவ்வறையிலே இடம்பெற்ற மூலிகைகளுக்கெல்லாம் 'ஒஃபிசினாலிஸ்' என்னும் அடைமொழி கிடைத்தது. ஆகவே இது மாதந்தோறும் பூக்கும் மருந்தறைப் பூ என்பது பெயரிலேயே பொறிக்கப்பட்டிருக்கிறது.

பிற நாட்டார் இதனை அழைக்கும் பெயர்களும் நோக்கத்தக்கவை. கன்னி மரியாளின் பொன் என்ற கருத்திலே ஆங்கிலேயர் 'மேரிகோல்ட்' என்றனர். பிரெஞ்சுக்காரர் வழங்கும் 'சூசி' என்ற பெயர் சூரியனைத் தொடர்வது எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லின் வழிவந்தது. காலையில் விரிந்து மாலையில் இதழ் கூம்பும் அதன் இயல்பை அப்பெயர் உணர்த்தும். ஷேக்ஸ்பியரின் 'வின்ரர்ஸ் ரேல்' நாடகத்தைக் கற்றவர்கள் பேர்டிற்றா என்னும் இளமங்கை தன் பூக்களுள் ஒன்றாக இதனையும் சொல்வதை அறிவார்கள். ஜேர்மானியரோ பூவை விட்டு விதையைப் பார்த்தார்கள். விதை வளையம்போற் சுருண்டிருத்தலின் அவர்களுக்கு இது 'ரிங்கல்புளூமே', அதாவது வளையப்பூ. கவிதைக்கு ஏற்றது பிரெஞ்சுப் பெயர். ஆளை அடையாளங் காண உதவுவது ஜேர்மானியப் பெயர் என்பேன். அதன் காரணத்தைச் சற்றுப் பின்னர்க் கூறுகிறேன்.

இனி, பெயரைப் பங்கிட்டுக்கொண்ட மற்றப் பூ. கோயில் வாயிலிலே மாலையாகவும், கலியாண வீட்டிலே தோரணமாகவும், கடைகளிலே சுவாமி படத்துக்குச் சரமாகவும் தொங்கும் செம்மஞ்சள் நிறப் பூவை நாம் எல்லோரும் அறிவோம். நம்மவர் அதனைப் பொதுவாகச் செவ்வந்தி என்றே சொல்லிவிடுகிறார்கள். மெய்யான செவ்வந்தி வேறு. இப்பேச்சிலே குழப்பம் நேராதிருத்தற்பொருட்டு அதனை 'மாலைச் செவ்வந்தி' என்று குறிப்பிடுகிறேன். அதன் தாவரவியற் பெயர் ரஜெற்றிஸ். அதன் தாயகம் மெக்சிக்கோவும் அதனை அடுத்த அமெரிக்கப் பகுதிகளும் ஆகும். 16ஆம் நூற்றாண்டிலே ஸ்பானியர் அதனை ஐரோப்பாவுக்குக் கொண்டுவந்தனர். நிறத்திலே தங்கள் பழைய மேரிகோல்ட்டை ஒத்திருந்தமையால் ஆங்கிலேயர் இதற்கும் அப்பெயரையே சூட்டினர். நெடிய இனத்துக்கு 'ஆபிரிக்க மேரிகோல்ட்' என்றும், குறுகிய இனத்துக்கு 'பிரெஞ்சு மேரிகோல்ட்' என்றும் அடைமொழி கொடுத்தனர். ஆபிரிக்காவிலும் பிறவாது, பிரான்சிலும் பிறவாது, அமெரிக்காவிலே பிறந்த பூவுக்கு அமைந்த பெயர்கள் இவை! மெக்சிக்கோவின் பழங்குடியினர் தங்கள் மொழியில் அதனை 'இருபது பூ' என்றனர். அங்கே இருபது என்பது 'பல' என்பதற்கு அடையாளம். சிங்கள மக்களோ ஆயிரம் இதழ் என்ற பொருள்பட 'தாஸ்பெத்தியா' என்கிறார்கள். ஒன்றையொன்று அறியாத இரு மொழிகள் ஒரு பூவை நோக்கி ஒரேவிதமாக வியந்திருப்பதைக் காணும்போது நமக்கும் மகிழ்ச்சி உண்டாகிறது.

பெயர்க் கதை இத்துடன் நிற்குமாயின் இதனை இவ்வளவு விரித்துரைக்க வேண்டியதில்லை. எனக்கு அறிமுகமான ஆசிரியை ஒருவர், மேரிகோல்ட் பூ புண்ணை ஆற்றும் என்று ஒரு சஞ்சிகையிலே படித்தார். அவருடைய தந்தையார் நெடுநாள் நீரிழிவு நோயாளர். காலின் பெருவிரலடியிலே சிறு புண் ஒன்று தோன்றியிருந்தது. ஆசிரியை வீட்டு முற்றத்திலே நின்ற மாலைச் செவ்வந்தியின் பூவையும் இலையையும் அரைத்து ஒன்பது நாள்கள் வைத்துக் கட்டினார். நீரிழிவினாலே கால் மரத்திருந்தமையால் முதியவருக்கு நோவு தெரியவில்லை. நோவு இல்லாமையைக் குணம் என்று எல்லோரும் எண்ணியிருந்தார்கள். பத்தாம் நாள் காய்ச்சல் கண்டது. ஆசுபத்திரியிலே அந்த விரலை எடுத்துத்தான் காலைக் காப்பாற்ற முடிந்தது. அங்கே வைத்தியர் கூறியது கவனிக்கத்தக்கது. பூ மாறியது ஒரு பிழை. ஆனால் சரியான பூவையே கட்டியிருந்தாலும் விளைவு வேறாயிருக்க மாட்டாது. இழந்தது அந்த ஒன்பது நாள்கள் என்றார் அவர். ஆகையால் இப்பேச்சிலே இரண்டு காரியங்களைத் தெளிவாக்க வேண்டும்: எந்தப் பூ என்பது ஒன்று, எந்தப் புண்ணுக்கு என்பது மற்றொன்று.

பூவை அடையாளங் காண்பது கடினமன்று. முதலில் இலையைப் பாருங்கள். மாலைச் செவ்வந்தியின் இலை பல சிற்றிலைகளாகப் பிரிந்து, விளிம்பிலே வாள்போற் பற்கள் கொண்டிருக்கும். கசக்கினாற் கடுநெடி வீசும். கலெண்டுலாவின் இலை பிரிவுபடாத ஒற்றை இலை. நீண்டு, நுனி சற்று அகன்று, மெல்லிய மயிர் போர்த்து, தொட்டால் விரலிலே சிறிது ஒட்டும். அடுத்து, பூவைக் கவிழ்த்து அடிப்பக்கத்தைப் பாருங்கள். மாலைச் செவ்வந்தியின் பச்சைப் பகுதி ஒன்றாக இணைந்து ஒரு கிண்ணம்போல இருக்கும். கலெண்டுலாவிலே அது தனித்தனியான ஒடுங்கிய பச்சைச் செதில்களாக நிற்கும். மாலைச் செவ்வந்தியின் இதழ்கள் அகன்று சுருங்கி மடிந்தவை; கலெண்டுலாவின் இதழ்கள் ஒடுங்கி நேராகக் கதிர்போல விரிந்தவை; நுனியிலே மூன்று சிறு பற்கள் இருக்கும். இவ்வளவிலும் ஐயம் நீங்காதாயின் விதையைப் பாருங்கள். மாலைச் செவ்வந்தியின் விதை கரிய ஊசிபோல நேரானது. ஒரு நுனியிலே வெளிறிய குஞ்சம் இருக்கும். கலெண்டுலாவின் விதை கபில நிறமாய், முதுகிலே முட்கரடு கொண்டு, சுருண்ட புழுவைப்போலத் தோன்றும். ஜேர்மானியரின் பெயர் உதவுவது இங்கேதான். கடையிலே 'மேரிகோல்ட்' என்று எழுதிய விதைப் பொட்டலத்தை வாங்குவோர், பெயரை நம்பாது விதையைக் கையிலே கொட்டிப் பார்த்தால் ஏமாறமாட்டார்கள்.

இரண்டும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவையே. சூரியகாந்தியும், மெய்யான செவ்வந்தியும், நமது வயலோரத்துக் கையாந்தகரையும், வேலியோரத்து வெட்டுக்காயப் பூண்டும் அக்குடும்பத்தின. நாம் ஒரு பூ என்று சொல்வது உண்மையிலே பல சிறுபூக்களின் கூட்டம். சூரியகாந்தியிலே விதை கொடுப்பவை நடுவிலுள்ள சிறுபூக்கள். கலெண்டுலாவிலே விதை கொடுப்பவை ஓரத்திலுள்ளவை. மாணவர்கள் இரண்டையும் பக்கத்திற் பக்கத்திலே வைத்துப் பிரித்துப் பார்த்தால் ஒரு வாரப் பாடத்தை ஒரு மணி நேரத்திலே கற்றுவிடலாம்.

வெட்டுக்காயப் பூண்டைப் பற்றி இடையிலே ஒரு வார்த்தை. விளையாட்டிலே விழுந்து முழங்கால் தேய்ந்த பிள்ளைக்கு அதன் இலைச்சாற்றைப் பிழிந்துவிடும் வழக்கம் நமது கிராமங்களிலே உண்டு. அதனை முன்னோர் தந்த தொன்மூலிகை என்று பலர் எண்ணுகிறார்கள். அதுவும் வெப்ப அமெரிக்காவிலிருந்து வந்த செடியே. வந்த செடியின் குணத்தை நமது மக்கள் தாமே ஆராய்ந்து, தாமே ஒரு பெயரும் வைத்திருக்கிறார்கள். மூலிகை அறிவு என்பது ஒரு காலத்திலே முடிந்துபோன பொருளன்று என்பதற்கு இது நல்ல சான்று.

கலெண்டுலாவை ஐரோப்பியர் முதலிலே மருந்தாக மாத்திரம் கொள்ளவில்லை. அது சமையலறைப் பூவாகவும் விளங்கியது. ஆங்கிலத்திலே அதற்குச் 'சட்டி மேரிகோல்ட்' என்ற பெயரும் உண்டு. பூச்சட்டியிலே வளர்வதால் வந்த பெயரன்று. கறிச்சட்டியிலே இடுவதால் வந்த பெயர். யோன் ஜெறாட் என்னும் ஆங்கில மூலிகை நூலார் 1597இலே வெளியிட்ட நூலில், ஒல்லாந்தப் பக்கத்துச் சரக்குக் கடைகளிலே இதன் உலர்ந்த இதழ்கள் பீப்பாய் பீப்பாயாக வைத்து விற்கப்பட்டதைக் கூறுகிறார். குளிர்காலத்துச் சாற்றுக்கு அவ்விதழ்கள் இன்றியமையாதவையாகக் கருதப்பட்டன. வெண்ணெய்க்கும் பாற்கட்டிக்கும் மஞ்சள் நிறம் ஊட்டவும் அதனைப் பயன்படுத்தினர். விலையுயர்ந்த குங்குமப்பூவிலே கலந்து விற்ற வணிகரும் இருந்தனர். இக்கலப்படத்தைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. குங்குமப்பூவின் சாயம் நீரிலே கரையும். கலெண்டுலாவின் நிறத்துக்குக் காரணமான கரோற்றீன் இனப் பொருள்கள் கொழுப்பிலே கரையும். நீரிலே நன்கு கரையா. ஆகவே இதனைச் சோற்றுக்கு நிறமாக இட விரும்புவோர் இதழை முதலிலே நெய்யிலோ வெண்ணெயிலோ மெல்லச் சூடாக்கிப் பின்னர்ச் சேர்த்தல் வேண்டும். இதழின் வெண்ணிற அடியையும் பச்சைப் பகுதியையும் நீக்கிவிடல் வேண்டும், அவை கசக்கும். நமக்கோ மஞ்சள் இருக்கிறது. சோற்றுக்கு நிறமூட்ட இப்பூவைத் தேடியலைவது அவசியமென்று எனக்குத் தோன்றவில்லை.

இனித் தோட்டத்துக்கு வருவோம். கலெண்டுலா ஓராண்டுச் செடி. ஓரடி முதல் இரண்டடி வரை வளரும். குளிர்ச்சியை விரும்புவது. ஆதலின் நமது நாட்டிலே அதற்கு ஏற்ற இடம் மலைநாடே. கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,870 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவிலும், அதனை அடுத்த ஹக்கலை, வெலிமடைப் பக்கங்களிலும் ஐரோப்பியத் தோட்டப் பூக்கள் எவ்வளவு செழிப்பாக நிற்கின்றன என்பதை அங்கே சென்றவர்கள் கண்டிருப்பார்கள். ஹக்கலைப் பூந்தோட்டமே 1861இலே கொயினா மரத்தை வளர்த்துப் பார்ப்பதற்காகத் தொடங்கப்பட்டது. மருந்துச் செடிக்கும் நமது மலைநாட்டுக்கும் உள்ள உறவு பழையது. தாழ்நாட்டிலும் வடபகுதியிலும் இருப்போர் மழை ஓய்ந்து பனி பெய்யும் தை, மாசி மாதங்களிலே பூக்குமாறு முயன்று பார்க்கலாம். வெயில் ஏறினாற் பூ சிறுத்துச் செடி சோர்ந்துவிடும். மலைநாட்டுப் பூவின் பருமனை அங்கே எதிர்பார்த்தல் தகாது.

விதையை நாற்றுமேடையிலோ, இருக்கும் இடத்திலேயோ இடலாம். இருளிலேதான் நன்கு முளைக்கும். ஆதலால் அரை அங்குல ஆழத்திலே இட்டு மண்ணால் மூடிவிட வேண்டும். ஒரு வாரம் முதல் இரண்டு வாரத்துள் முளை வெளிப்படும். கன்றுக்குக் கன்று ஓரடி இடைவெளி போதும். மண் வளமானதாய் இருக்கவேண்டுமென்று இல்லை. நீர் தேங்காததாய் இருத்தல் அவசியம். எருவை அளவுக்கு மிஞ்சி இட்டால் இலை தழைக்கும், பூ குறையும். ஆறு முதல் எட்டு வாரத்திலே பூக்கத் தொடங்கும். வாடிய பூவை உடனுக்குடன் கொய்துவிட்டாற் செடி மேலும் பூக்கும். விதைகொள்ள விட்டால் தன் கடமை முடிந்ததென்று ஓய்ந்துவிடும். சாம்பல் பூத்தாற்போல இலையிலே படியும் பூஞ்சண நோயும், அழுக்கணவன் பூச்சியும் இதற்குப் பகை. நெருக்கமாக நடாதிருப்பதும், மாலை வேளையில் இலைமேல் நீர் ஊற்றாதிருப்பதும் பெரும்பாலும் போதுமான காவல். மருந்துக்கென வளர்க்கும் பூவின்மேற் பூச்சிநாசினி தெளித்தல் ஒருபோதும் கூடாது.

இவ்விடத்திலும் பெயர் மயக்கம் தலைகாட்டுகிறது. மேரிகோல்ட் நட்டால் மண்ணிலுள்ள வட்டப்புழு ஒழியும் என்று தோட்டக்காரர் சொல்வர். தக்காளி, கத்தரி முதலியவற்றின் வேரிலே முடிச்சு முடிச்சாக வீக்கம் உண்டாக்கும் நுண்ணிய புழு அது. இந்த ஆற்றலாற் புகழ்பெற்றது மாலைச் செவ்வந்தியே. அதன் வேரிலுள்ள தயோபீன் இனப் பொருளொன்று வட்டப்புழுவுக்கு நஞ்சாகிறது. கலெண்டுலாவை நட்டுவிட்டு அப்பயனை எதிர்பார்ப்பவர் ஏமாறுவர். மாலைச் செவ்வந்தியையும் பாத்தியின் ஓரத்திலே நான்கு கன்று நடுவதாற் பயன் சிறிது. புழு மிகுந்த நிலத்திலே, பயிரிடுமுன் இரண்டு மூன்று மாதம் அதனையே நெருக்கமாகப் பயிராக்கிப் பின் மண்ணோடு மண்ணாக உழுதுவிடல் வேண்டும். கோழித்தீனிலே சேர்த்து முட்டையின் மஞ்சட்கருவுக்கு நிறமூட்டப் பெருமளவிற் பயன்படுவதும் மாலைச் செவ்வந்தியின் இதழே. ஆனால் வேரிலே வட்டப்புழுவைக் கொல்லும் அதே இனப் பொருள்கள் தோலிலே பட்டு, அவ்விடத்திலே வெயிலும் பட்டால் எரிவையும் கொப்புளத்தையும் உண்டாக்க வல்லவை. இதுபற்றியே ஐரோப்பிய ஒன்றியம் அழகுசாதனப் பொருள்களிலே ரஜெற்றிஸ் எண்ணெயின் அளவைச் சட்டத்தால் மட்டுப்படுத்தியிருக்கிறது. புண்ணிலே கட்டுவதற்குரிய பூ அதுவன்று.

கலெண்டுலாவின் மருத்துவ குணத்தைப் பற்றி 12ஆம் நூற்றாண்டிலே ஜேர்மன் நாட்டிலே வாழ்ந்த ஹில்டெகார்ட் என்னும் கன்னிமாடத் தலைவி முதலாகப் பலர் எழுதியிருக்கிறார்கள். இதயத்துக்கு வலு, காய்ச்சலுக்கு மருந்து, கண்ணுக்கு ஒளி என்று அவர்கள் அடுக்கியவற்றையெல்லாம் இன்று எடுத்துக்கொள்வதற்கில்லை. நிலைத்து நிற்பது தோலைப் பற்றிய பயனே. பூவிலே உள்ள பரடியோல் என்னும் பொருளின் சேர்வைகள் வீக்கத்தையும் சிவப்பையும் தணிக்க வல்லவை என ஆய்வுகூடத்திலே கண்டிருக்கிறார்கள். ஐரோப்பிய மருந்துகள் முகவரகம், தோலிலுண்டாகும் சிறு அழற்சிக்கும் சிறு காயத்துக்கும், வாய் தொண்டைப் புண்ணுக்குக் கொப்பளிப்பதற்கும் இதனை மரபுவழி மருந்தாக ஏற்றிருக்கிறது. 'மரபுவழி' என்னும் சொல்லை நேயர்கள் கவனிக்க வேண்டும். நெடுங்காலம் தீங்கின்றி வழங்கிவருகிறது என்பதே அதன் பொருள். பரிசோதனையால் ஐயத்துக்கிடமின்றி நிறுவப்பட்டது என்பதன்று.

பரிசோதனை நடவாமலும் இல்லை. பிரான்சு நாட்டின் லியோன் நகரிலே மார்புப் புற்றுநோய்க்குச் சத்திரசிகிச்சை முடிந்து கதிர்ச்சிகிச்சை பெற்ற 254 பெண்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவாருக்குக் கலெண்டுலா மருந்தையும், மறு பிரிவாருக்கு அங்கே வழக்கிலிருந்த வேறொரு பூச்சு மருந்தையும் கொடுத்தனர். கதிரினால் தோல் கணிசமாகப் புண்பட்டவர், வழக்கமான மருந்து பூசியவருள் நூற்றுக்கு 63 பேர். கலெண்டுலா பூசியவருள் நூற்றுக்கு 41 பேர். 2004இலே இம்முடிவு வெளியானபோது பலரும் மகிழ்ந்தனர். ஆனால் 2013இலே சுவீடனில் வெளியான ஓர் ஆய்விலே, கலெண்டுலாப் பூச்சுக்கும் சாதாரண ஈரப்பசைப் பூச்சுக்கும் இடையே வேறுபாடு காணப்படவில்லை. விளம்பரக்காரர் முதல் ஆய்வை மாத்திரமே சொல்வர். இரண்டையும் சேர்த்துச் சொல்வதே நேர்மை. எனது மதிப்பீடு இது: தோலின் சிறு துன்பங்களுக்கு இதனைப் பூசுவதிலே நியாயம் உண்டு, அற்புதம் எதுவும் இல்லை.

வீட்டிலே செய்துகொள்ளும் முறையைக் கூறுகிறேன். பனி உலர்ந்த பின், காலை பத்து மணியளவிலே நன்றாக விரிந்த பூக்களைக் கொய்ய வேண்டும். கொய்யும் விரலிலே பிசுபிசுப்பு ஏறினால் அது நல்ல பூ என்பதற்கு அறிகுறி; அப்பிசினிலேதான் குணம் மிகுதி. பூக்களை ஒன்றன்மேலொன்று படாதவாறு சுளகிலோ வெள்ளைச் சீலையிலோ பரப்பி, காற்றோட்டமுள்ள நிழலிலே உலர்த்த வேண்டும். வெயிலிலிட்டால் நிறம் வெளிறிவிடும். இதழ் இரண்டொரு நாளிலே உலர்ந்துவிடும். நடுப்பகுதியோ ஒரு வாரத்துக்கு மேலும் ஈரத்தை ஒளித்துவைத்திருக்கும். அவ்வீரத்தோடு போத்தலில் அடைத்தாற் பூஞ்சணம் பிடித்துவிடும். நமது ஈரக்காற்றுக்கு, முழுப் பூவை உலர்த்துவதினும் இதழ்களைப் பிரித்தெடுத்து உலர்த்துவதே புத்தி.

நன்றாக உலர்ந்த இதழ்களை, நீர்ப்பசை சற்றுமில்லாத கண்ணாடிப் போத்தலிலே பாதியளவு இட்டு, இதழ்களுக்கு மேல் இரண்டு விரலுயரம் நிற்குமாறு தூய தேங்காயெண்ணெய் ஊற்றி மூட வேண்டும். ஐரோப்பியர் ஒலிவெண்ணெய் பயன்படுத்துவர். நமக்கு அச்செலவு வேண்டியதில்லை. நான்கு வாரம் இளஞ்சூடான இடத்திலே வைத்து, நாள்தோறும் ஒருமுறை குலுக்கிவிடல் வேண்டும். மலைநாட்டுக் குளிரிலே தேங்காயெண்ணெய் உறைந்துவிடுமாதலின், அங்கே உள்ளோர் எண்ணெயையும் இதழையும் ஒரு கிண்ணத்தில் இட்டு, அக்கிண்ணத்தைச் சுடுநீர்ப் பாத்திரத்தினுள் வைத்து, இரண்டு மணி நேரம் மெல்லிய சூட்டிலே வைத்தெடுக்கலாம். நேரே அடுப்பிலே வைத்தல் ஆபத்து. பின்னர் மெல்லிய சீலையால் வடித்துக்கொண்டால் எண்ணெய் ஆயிற்று. இந்த எண்ணெய் 100 மில்லிலீற்றருக்கு 20 கிராம் தேன்மெழுகு சேர்த்து, முன்சொன்ன சுடுநீர்ப் பாத்திரத்திலே உருக்கி ஆறவிட்டாற் களிம்பு கிடைக்கும். வெப்பமான ஊர்களிலே மெழுகை இன்னும் ஐந்து கிராம் கூட்டிக்கொள்ளலாம். குதிவெடிப்பு, குளிரிலே வெடித்த உதடு, சவர்க்காரத்தால் வரண்ட கை, சிறு சிராய்ப்பு ஆகியவற்றுக்கு இக்களிம்பு உதவும். வாய்ப்புண்ணுக்கு, உலர்ந்த இதழ் ஒரு தேக்கரண்டியைக் கொதிநீர் ஒரு கோப்பையிலே இட்டுப் பத்து நிமிடம் மூடிவைத்து வடித்து, ஆறியபின் கொப்பளிக்கலாம். அன்று செய்ததை அன்றே முடித்துவிட வேண்டும்.

இனி, எவற்றுக்கு உதவாது என்பது. கறளேறிய ஆணி தைத்த காயம், மண்ணிலே விழுந்து ஆழமாகக் கிழிந்த காயம், விலங்கு கடித்த காயம் ஆகியவற்றுக்கு எந்தப் பூவும் மருந்தன்று. ஏற்புவலிக் கிருமி மண்ணிலே வாழ்வது. காயத்தின் ஆழத்திலே, காற்றுப் புகாத இடத்திலேதான் அது பெருகும். களிம்பு பூசி மூடுவது அதற்கு வசதி செய்துகொடுப்பதாகும். காயத்தைச் சவர்க்காரமும் நீரும் இட்டு நன்றாகக் கழுவிவிட்டு, தடுப்பூசிக்கு ஆசுபத்திரிக்குச் செல்லவேண்டும். அதற்குப் பணமும் வேண்டியதில்லை. விலங்கு கடித்திருந்தால் நீர்வெறுப்பு நோய்க்கான ஊசியைப் பற்றியும் அங்கேயே கேட்டறிய வேண்டும். புதிதாகச் சுட்ட புண்ணிலே எண்ணெயோ களிம்போ பூசலாகாது. ஓடும் குளிர்நீரிலே இருபது நிமிடம் பிடித்தலே முதலுதவி. நீரிழிவு உள்ளவரின் காற்புண், அது கடுகளவாயினும், முதல்நாளே வைத்தியர் பார்வைக்குரியது. அக்காலிலே நோவு இல்லாமை ஆறுதற்கு அறிகுறியன்று என்பதை முன்னர் நான் கூறிய முதியவரின் கதையிலே கண்டோம்.

இன்னுமொரு எச்சரிக்கை வடபகுதி நேயர்களுக்கு முக்கியமானது. வவுனியா, யாழ்ப்பாணப் பகுதிகளிலே பரவியிருக்கும் பார்த்தீனியம் என்னும் களை இதே குடும்பத்தைச் சேர்ந்தது. அதனைப் பிடுங்கும்போது தோலிலே தடிப்பும் சொறியும் கொள்வோர் பலர். அத்தகையோருக்குக் கலெண்டுலாவும் ஒவ்வாமற் போகலாம். எவராயினும் முதலிலே முழங்கையின் உட்புறத்திலே ஒரு சிறு பொட்டளவு பூசி, ஒருநாள் பொறுத்துப் பார்த்த பின்னரே பயன்படுத்துதல் நன்று. கருவுற்ற பெண்கள் இதனை உள்ளுக்கு அருந்துதல் தவிர்க்கத்தக்கது. கடைகளிலே கலெண்டுலா என்று பெயரிட்டு விற்கும் சவர்க்காரம், களிம்பு முதலியவற்றை வாங்குவோர் போத்தலின் பின்புறத்துச் சிற்றெழுத்தையும் படிக்கவேண்டும். முன்புறத்திலே பெரிதாகப் பூவின் படமும், பின்புறத்துப் பட்டியலிலே அதன் பெயர் கடைசியிலும் இருக்குமாயின், பூவுக்கன்று, படத்துக்கே பணம் கொடுக்கிறோம்.

விதை சேர்ப்பதைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். நல்ல பூ பூத்த இரண்டு செடிகளிலே சில பூக்களைக் கொய்யாது விட்டுவிடுங்கள். இதழ் உதிர்ந்து, சுருண்ட விதைகள் பச்சை மாறிக் கபில நிறமாகி, தொட்டால் உதிரும் பருவத்திலே சேர்த்து, ஒருவாரம் நிழலிலே உலர்த்திக் கடதாசி உறையிலே இட்டு வையுங்கள். ஒரே பூவிலே சில விதைகள் வளையம்போலவும், சில படகுபோலவும், சில முட்கள் நிறைந்தும் இருக்கும். வேற்று விதை கலந்துவிட்டதென்று எண்ணி எறிந்துவிட வேண்டாம், மூன்றும் முளைக்கும். உறையின்மேல் மாதத்தையும் ஆண்டையும் எழுதும்போது, பெயரை மேரிகோல்ட் என்று எழுதாமற் கலெண்டுலா என்றே எழுதிவையுங்கள்.